பை ஐஸ் விற்க இயந்திரம் வாங்கப் போகிறீர்களா? போடி பகுதி விவசாயிகள் முதலில் போட வேண்டிய கணக்கு

பங்குனி, சித்திரை மாதங்களில் போடிநாயக்கனூர் பகுதியில் ஏலத்தோட்ட வேலை குறைந்துவிடும். காய் எடுப்பு முடிந்து, அடுத்த எடுப்புக்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். கையில் வரவு குறையும் அதே மாதங்களில்தான் ஐஸுக்குத் தேவை உச்சத்தில் இருக்கிறது. கரும்புச்சாறு கடை, ஜூஸ் கடை, கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, மூணாறு போகும் சுற்றுலா வண்டி என்று எல்லா இடத்திலும் ஐஸ் கேட்கிறார்கள். இதனால் ரோட்டோரம் இடம் வைத்திருக்கும் விவசாயிகளும், கடை நடத்தும் மகளிர் குழுக்களும் பையில் அடைத்த ஐஸ் விற்கும் தொழிலை யோசிக்கிறார்கள்.

தொழில் நல்ல தொழில்தான். ஆனால் இயந்திரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், கோடையில் ஐஸ் பற்றாது. மழைக்காலத்தில் கடன் தவணை கழுத்தை நெரிக்கும். எனவே டீலரிடம் போவதற்கு முன் தண்ணீர், மின்சாரம், விற்பனை ஆகிய மூன்றுக்கும் கணக்கு எழுதிவிடுங்கள். எந்த இயந்திரம் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

எந்த ஐஸ் யாருக்கு?

ஐஸ் எல்லாம் ஒன்றல்ல. வாங்குபவர் யார் என்று தெரிந்தால்தான் எந்த வகை என்று முடிவு செய்ய முடியும்.

ஐஸ் பார்: ஐஸ் கம்பெனிகளில் உப்புநீர்த் தொட்டிக்குள் தகர அச்சுகளை இறக்கி உறைய வைப்பது. மீன் வியாபாரிகள் உடைத்துப் பயன்படுத்துவது பெரும்பாலும் இதைத்தான். இதற்குப் பெரிய இடமும், பெரிய முதலீடும், தேர்ந்த ஆட்களும் வேண்டும். சிறு கடைக்குச் சரிப்பட்டு வராது.

செதில் ஐஸ்: மெல்லிய தகடாக உதிரும். மீனையும் கோழி இறைச்சியையும் சீக்கிரம் குளிர வைக்கும். ஆனால் வேகமாக உருகும். பையில் அடைத்து வைத்தால் ஒட்டிக் கட்டியாகிவிடும்.

க்யூப் ஐஸ், குழாய் ஐஸ்: கெட்டியாக, தெளிவாக இருக்கும். மெதுவாக உருகும். ஜூஸ் கடைக்கும் கல்யாண வீட்டுக்கும் பையில் அடைத்து விற்க ஏற்றது இதுதான். ஒரு நாளைக்குச் சில நூறு கிலோ விற்கும் கடைக்கு க்யூப் இயந்திரம் போதும். டன் கணக்கில் விற்பனை இருந்தால் மட்டும் குழாய் ஐஸ் இயந்திரத்தைப் பாருங்கள்.

300 கிலோ இயந்திரம் 300 கிலோ தருமா?

"அண்ணே, இது ஒரு நாளைக்கு 300 கிலோ மெஷின்" என்று டீலர் சொல்வார். அது பொய்யாக இருக்காது. ஆனால் அந்த 300 கிலோ எந்த வெப்பநிலையில் என்று கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் அறை வெப்பம் 21 டிகிரி செல்சியஸ், உள்ளே போகும் தண்ணீர் 10 டிகிரி என்று வைத்து அளந்த எண்ணையே அட்டையில் அச்சிடுகின்றன. சில நிறுவனங்கள் அறை 32 டிகிரி, தண்ணீர் 21 டிகிரி என்ற எண்ணையும் சேர்த்துத் தருகின்றன.

போடியில் மே மாதம் நிழலிலேயே 37, 38 டிகிரி வெயில் அடிக்கும். மொட்டை மாடித் தொட்டியில் நிற்கும் தண்ணீர் 35 டிகிரிக்குக் குறையாது. 10 டிகிரி தண்ணீரை ஐஸாக்குவதைவிட 35 டிகிரி தண்ணீரை ஐஸாக்க ஏறக்குறைய 28 சதவீதம் கூடுதல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். சுற்றிலும் சூடான காற்று இருப்பதால் அந்த வெப்பத்தை வெளியேற்றவும் இயந்திரம் திணறும். விளைவு, அட்டையில் உள்ள எண்ணில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உற்பத்தி குறையும். 300 கிலோ இயந்திரத்தில் 200 முதல் 225 கிலோ கிடைத்தால் அது சரியாக ஓடுகிறது என்று பொருள். தேவை அதிகமாக இருக்கும் மாதத்தில்தான் உற்பத்தி குறைகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

எனவே டீலரிடம், "38 டிகிரி வெயிலில், 32 டிகிரி தண்ணீரில் எத்தனை கிலோ வரும்? எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். தயாரிப்பு நிறுவனத்திடம் வெப்பநிலைவாரியான உற்பத்திப் பட்டியல் இருக்கும். அதைக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம்.

செலவில்லாமல் உற்பத்தியைக் கூட்டவும் வழி உண்டு. இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரை மாடித் தொட்டியிலிருந்து எடுக்காமல் தரைக்கடித் தொட்டியிலிருந்து எடுங்கள். மாடித் தொட்டிதான் என்றால் மேலே கூரை போட்டு, வெள்ளை வண்ணம் பூசுங்கள். குழாய் வெயிலில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய இயந்திரமா, பெரிய ஃப்ரீசரா?

விற்பனை எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. எடுத்துக்காட்டாக, கோடையில் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 150 கிலோவும், சனி, ஞாயிறு நாளுக்கு 300 கிலோவும் விற்கும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் 300 கிலோ நிஜமாகத் தரும் இயந்திரத்தைத் தேடி, அட்டையில் 400 கிலோ போட்டதை வாங்கிவிடுகிறார்கள்.

வாரக் கணக்கைப் பாருங்கள். மொத்த விற்பனை 1,350 கிலோ. ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 193 கிலோதான். நிஜமாக 200 கிலோ தரும் இயந்திரமும், 250 கிலோ சேமிக்கும் ஃப்ரீசரும் இருந்தால் போதும். வார நாட்களில் மிஞ்சுவதைச் சேர்த்து வைத்து வார இறுதியில் விற்கலாம். அட்டையில் 270 முதல் 300 கிலோ போட்ட இயந்திரமே இதற்குப் போதுமானது.

இங்கே ஒரு குழப்பம் வரும். இயந்திரத்துக்குக் கீழே இருக்கும் ஐஸ் பெட்டி ஃப்ரீசர் அல்ல. வெப்பம் புகாத பெட்டி மட்டுமே. அதில் ஐஸ் மெதுவாக உருகிக்கொண்டே இருக்கும். பையில் அடைத்து நாள் கணக்கில் வைக்க, பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி அல்லது அதற்கும் குறைவாக நிற்கும் ஃப்ரீசர் தனியாக வேண்டும். 500 லிட்டர் ஃப்ரீசரில் பைகளாக அடுக்கினால் சுமார் 200 கிலோ கொள்ளும். 250 கிலோ சேமிக்க வேண்டுமானால் 600 லிட்டருக்கு மேல் பாருங்கள்.

இயந்திரத்திலிருந்து விழும் ஐஸ் ஈரமாக இருக்கும். அப்படியே பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பாறையாகிவிடும். வாடிக்கையாளர் பையைத் தரையில் அடித்து உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளையுள்ள தட்டில் சற்று நேரம் நீர் வடிய விட்டு, பிறகு அடையுங்கள்.

தண்ணீர்: ஐஸின் தரம் இங்கேதான்

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பல கிருமிகள் ஐஸுக்குள் உயிரோடு இருந்து, உருகியதும் மீண்டும் பெருகும். ஜூஸில் போடும் ஐஸ் குடிநீருக்குச் சமம். குடிக்கத் தகாத தண்ணீரில் ஐஸ் போட்டு விற்றால், ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலே கடை மூட வேண்டியதுதான்.

மலைச்சரிவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடைநீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும், அதை ஐஸுக்கு எடுக்காதீர்கள். மருந்து கலக்கும் தொட்டி, டிரம், மோட்டார், குழாய் எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கழுவினால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

சமவெளிப் போர்வெல் தண்ணீரில் பொதுவாகச் சிக்கல் உப்பும் கடினத்தன்மையும்தான். கடின நீரில் ஐஸ் கலங்கலாக வரும். அதைவிடப் பெரிய கேடு, உறைவிக்கும் தகட்டில் சுண்ணாம்புப் படிவு ஏறுவது. படிவு ஏறினால் ஐஸ் தகட்டை விட்டுப் பிரியாது, உற்பத்தி குறையும், கம்ப்ரசருக்குச் சுமை கூடும்.

எனவே முன்பணம் கொடுக்கும் முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ, அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ ரசாயனப் பரிசோதனை, கிருமிப் பரிசோதனை இரண்டையும் செய்யுங்கள். மலைப்பகுதி என்றால் பூச்சிமருந்து எச்சமும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடிவைப் பொறுத்து வடிகட்டி, மென்னீராக்கி, ஆர்ஓ, புற ஊதாக் கதிர் கருவி ஆகியவற்றில் எது தேவை என்று தீர்மானிக்கலாம்.

ஆர்ஓ வைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, தண்ணீர் அளவு. 200 கிலோ ஐஸுக்கு 200 லிட்டர் போதாது. க்யூப் இயந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நீரை வெளியேற்றும் என்பதால் 300 லிட்டர் வரை பிடிக்கும். ஆர்ஓ பாதியைக் கழிவாக விட்டால், போர்வெல்லிலிருந்து நாளுக்கு 600 லிட்டர் வேண்டும். கோடையில் உங்கள் போர்வெல் அதைத் தருமா? இரண்டாவது, டிடிஎஸ்ஸை மிகவும் குறைத்துவிடக் கூடாது. சில இயந்திரங்கள் தண்ணீரின் மின்கடத்தலை வைத்தே நீர்மட்டத்தையும் ஐஸ் தடிமனையும் அறிகின்றன. உப்பே இல்லாத நீரில் அவை ஏமாந்து நின்றுவிடும். எவ்வளவு டிடிஎஸ் வேண்டும் என்று டீலரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மின்சாரம்: இலவச இணைப்பில் கை வைக்காதீர்கள்

க்யூப் இயந்திரம் 100 கிலோ ஐஸுக்குச் சுமார் 11 முதல் 15 யூனிட் எடுக்கும். கடும் வெயிலில் இன்னும் கூடும். ஃப்ரீசர், ஆர்ஓ மோட்டார் எல்லாம் சேர்த்து 100 கிலோவுக்கு 20 யூனிட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு.

தோட்டத்தில் இலவச விவசாய இணைப்பு இருக்கிறதே, அதில் ஓட்டலாமே என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். விவசாய இணைப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126வது பிரிவின்படி முறைகேடான பயன்பாடு. அந்தப் பிரிவில் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிக்க வழி இருக்கிறது. இணைப்பே துண்டிக்கப்பட்டால் பயிருக்கும் தண்ணீர் இல்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தொழிலைச் சொல்லி, எந்தக் கட்டண வகையில் இணைப்பு கிடைக்கும் என்று கேட்டு, தனி இணைப்பு வாங்குங்கள்.

கடைசிக் கம்பத்தில் இருக்கும் இடங்களில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறையும். ஒரு வாரம் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து எழுதுங்கள். தேவைப்பட்டால் ஸ்டெபிலைசர் வேண்டும். கரண்ட் போய்த் திரும்பியதும் உடனே கம்ப்ரசர் ஓடாமல் சில நிமிடம் தாமதிக்கும் டைமர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டர் வாங்கினால், கம்ப்ரசர் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஓட்டும் பெரிய ஜெனரேட்டரைவிட, ஃப்ரீசரை மட்டும் காக்கும் சிறியது பல கடைகளுக்குப் போதும்.

எங்கே வைப்பது?

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் கட்டடம் கோடையில் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கேயே வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் காய் எடுப்பு தொடங்கியதும் அங்கே சூடும் புகையும் சாம்பலும் வரும். உலர்த்தும் அறை 50 டிகிரியைத் தாண்டும். பக்கத்தில் ஐஸ் இயந்திரம் வைத்தால் உற்பத்தி பாதியாகும், கம்ப்ரசர் சீக்கிரம் போகும். ஏலக்காய் ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால் அதற்கும் கேடு. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கவே கூடாது.

காற்றால் குளிரும் இயந்திரத்துக்குப் பின்புறமும் பக்கவாட்டிலும் இடைவெளி வேண்டும். சூடான காற்று அறைக்குள்ளேயே சுழலாமல் வெளியேற வழி வேண்டும். தகரக் கூரை என்றால் அடியில் தடுப்புக் கூரை போடுங்கள். கண்டென்சர் தகடுகளில் தூசி படியும். கோடையில் வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். தண்ணீரால் குளிரும் இயந்திரம் வெயிலில் நன்றாக ஓடும், ஆனால் தண்ணீர்ச் செலவும் பராமரிப்பும் அதிகம். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள கிராமத்துக்கு அது வேண்டாம்.

போடியில் வைப்பதா, மேலே வைப்பதா என்ற கேள்வியும் வரும். போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மேலே குளிர் என்பதால் இயந்திரம் அட்டையில் சொன்னதை ஏறக்குறைய தரும். ஆனால் அங்கே ஐஸ் வாங்குவோர் குறைவு. காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போவது அதிகம். போடிமெட்டைத் தாண்டினால் கேரள மாநில விதிகள். பெரும்பாலானவர்களுக்குக் கீழே தயாரித்து, வெப்பம் புகாத பெட்டியில் மேலே அனுப்புவதே லாபம்.

மழைக்கால விற்பனைதான் தீர்மானிக்கும்

கீழே உள்ளது எடுத்துக்காட்டுக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இயந்திரம், ஃப்ரீசர், ஆர்ஓ எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 10,870 ரூபாய். நாளுக்கு 362 ரூபாய். ஆள் கூலி நாளுக்கு 500, பழுதுக்கு ஒதுக்குவது 100. ஆக, ஐஸ் விற்றாலும் விற்காவிட்டாலும் நாளுக்கு 962 ரூபாய் செலவு. இதோடு கிலோவுக்கு மின்சாரம் 2 ரூபாய், தண்ணீர் 25 காசு, பை 80 காசு என்று 3 ரூபாய் 5 காசு சேரும்.

நாளுக்கு 200 கிலோ விற்றால், ஒரு கிலோவின் அடக்கவிலை சுமார் 7 ரூபாய் 86 காசு.

நாளுக்கு 80 கிலோ விற்றால், அடக்கவிலை 15 ரூபாயைத் தாண்டும்.

அதே இயந்திரம், அதே ஆள், ஆனால் அடக்கவிலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆடிக் காற்றும் சாரலும் தொடங்கி, பிறகு ஐப்பசி அடைமழை வரை விற்பனை குறையும் மாதங்கள் பல. மே மாதக் கூட்டத்தைப் பார்த்துப் பெரிய இயந்திரம் வாங்கியவர், அந்த மாதங்களில் தவணையைக் கைக்காசில் கட்ட வேண்டியிருக்கும். போதாததற்கு, ஏலக்காய் எடுப்புக் காலத்தில் ஆட்கள் விடியற்காலை ஜீப் ஏறி மலைக்குப் போய்விடுவார்கள். கடைக்கு ஆள் கிடைப்பதும் கடினம். எனவே ஆண்டு முழுவதும் வாங்கும் இரண்டு மூன்று நிலையான வாடிக்கையாளர்களை முதலில் பிடியுங்கள். ஹோட்டல், மண்டபம், கோழிக்கடை, பால் சேகரிப்பு இடம் என்று நேரில் போய்க் கேட்டு, வாரத்துக்கு எத்தனை கிலோ என்று எழுதுங்கள்.

சந்தேகம் இருந்தால் முதல் கோடையில் இயந்திரம் வாங்கவே வேண்டாம். ஒரு ஃப்ரீசர் மட்டும் வாங்கி, உரிமம் பெற்ற உண்ணும் ஐஸ் தயாரிப்பாளரிடம் மொத்தமாக எடுத்து விற்றுப் பாருங்கள். மூன்று மாதத்தில் தினசரி விற்பனை கையில் இருக்கும். அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்து இயந்திரம் வாங்கினால் தவறு நடக்காது. ஃப்ரீசரும் வீணாகாது.

உரிமம், பை, எடை

உண்ணும் ஐஸ் உணவுப்பொருள். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவோ உரிமமோ கட்டாயம். எது என்பது தொழில் அளவைப் பொறுத்தது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். உணவுத் தரமான பையையே பயன்படுத்துங்கள். பையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தேதி, விலை, உரிம எண் இருக்க வேண்டும். தராசுக்கு முத்திரை வாங்குங்கள்.

மீன் ஐஸையும் குடிக்கும் ஐஸையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். இந்தக் கலப்பைத் தடுக்கவே மகாராஷ்டிராவில் 2018ஆம் ஆண்டு உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க உத்தரவு வந்தது. ஐஸ் அள்ளும் கரண்டியை ஐஸுக்குள்ளேயே விட்டு வைக்காமல், தினமும் கழுவித் தனியே மாட்டுங்கள்.

கடன், மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்காதீர்கள். மானியம் போக மீதி உங்கள் கடன்தான்.

முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. 38 டிகிரி வெயிலில் எத்தனை கிலோ? எழுத்தில் தருவீர்களா?

2. 100 கிலோவுக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் தண்ணீர்?

3. பழுதானால் மெக்கானிக் எந்த ஊரிலிருந்து வருவார்? தேனியா, மதுரையா, சென்னையா? எத்தனை மணி நேரத்தில்?

4. கம்ப்ரசருக்கும் உறைவிக்கும் தகட்டுக்கும் எத்தனை ஆண்டு உத்தரவாதம்? மின்னழுத்தம் குறைந்து கெட்டால் உத்தரவாதம் உண்டா?

5. என்ன கேஸ்? பழைய இயந்திரம் ஆர் 22 கேஸில் ஓடினால் தவிர்த்துவிடுங்கள். இந்தியா அந்த கேஸைப் படிப்படியாகக் கைவிட்டு வருவதால் போகப் போகக் கிடைப்பது அரிதாகும்.

6. இதே இயந்திரம் இந்தப் பக்கத்தில் யாரிடம் ஓடுகிறது? மே மாதம் மதியம் போய்ப் பார்க்கலாமா?

ஆறாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே இரண்டு கோடை ஓட்டியவரிடம் அரை மணி நேரம் பேசினால் எந்த அட்டையிலும் இல்லாத விவரம் கிடைக்கும். மின் கட்டண ரசீதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர் சொல்லும் உற்பத்தியையும், விற்கும் விலையையும், மழைக்கால விற்பனையையும் மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள். 80 கிலோ விற்கும் மாதத்திலும் தவணை கட்ட முடிகிறது என்றால் தைரியமாக வாங்கலாம். முடியவில்லை என்றால் அடுத்த சிறிய அளவைப் பாருங்கள், அல்லது குழுவாகச் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.